இரும்பும் தோலும்

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாசகர் சிலரைத் திகைக்க வைக்கும். இசையைப் பற்றி எழுதும் இப்பகுதியில் இதுகாறும் சண்முகானந்த மண்டபத்துக் கச்சேரிகளும், செம்பூரின் பாட்டு வகுப்புகளும், தாராவியின் பொங்கல் மேளமுமே இடம்பெற்று வந்தன. ‘ஹெவி மெட்டல்’ என்று பெயர் பெற்ற மேனாட்டுப் பேரோசைக்கு இங்கே என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்பர். அது நம் வீட்டுக்குள் நுழைந்து நெடுநாளாயிற்று என்பதே நம் விடை. ஒற்றை அறையில் ஐவர் வாழும் குடும்பத்தில், காதில் கருவியைச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மகன் என்ன கேட்கிறான் என்பது தந்தைக்குத் தெரியாது, அவ்வளவே.

2008-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், நம் குர்லாவுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் பாந்த்ரா – குர்லா வளாகத்து மைதானத்தில் ‘அயர்ன் மெய்டன்’ என்னும் ஆங்கிலக் குழுவினர் பாடினர். உலகைச் சுற்றிவந்த அவர்களது பெரும்பயணம் ஒன்றின் முதல் நிகழ்ச்சியே அதுதான். அக்குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் விமானம் ஓட்டவும் வல்லவர். தம் குழுவினரையும் கருவிகளையும் சுமந்துவந்த விமானத்தை ஓட்டியவருள் அவரும் ஒருவர். இவ்விசையின் அன்பர்கள் கறுப்புச் சட்டை அணிந்து செல்வது வழக்கம். கறுப்புச் சட்டை என்றதும் நம்மவர்க்குப் பெரியாரின் தொண்டர்களும் கார்த்திகை மாதத்து மாலைக்காரர்களுமே நினைவுக்கு வருவர். இவர்கள் மூன்றாம் கூட்டத்தார்.

இவ்விசையை நாம் முற்றும் சுவைத்தோம் என்று கூற மாட்டோம். தாளத்தின் விரைவு நம் மார்பை உலுக்குகிறது. பாடகரின் உச்சக் குரல் சில வேளை காதை மூடச் செய்கிறது. எனினும் அதன் பிறப்பைப் படித்தபோது நம் ஊரின் நினைவு வந்தது. குர்லா இரும்பின் ஊர். 1853-இல் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடிய நாட்டின் முதற் பயணிகள் இரயில் இவ்வழியே சென்றது. பின்னர் முகுந்த் இரும்பாலையும், பிரீமியர் மோட்டார் தொழிற்சாலையும், எண்ணற்ற சிறு பட்டறைகளும் இங்கே எழுந்தன. நம்முள் பலருடைய பாட்டனாரும் தந்தையாரும் வார்ப்புச் சாலையின் வெப்பத்திலும் சம்மட்டியின் ஓசையிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் அத்தகையவையே. கன உலோக இசை அங்கேதான் பிறந்தது.

‘பிளாக் சப்பத்’ என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, எந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலால் நரம்பை அழுத்தும் கையே ஊனமுற்றது. பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார்; மெல்லிய நரம்புகளைத் தேடிப் பூட்டினார்; பின்னர் அவற்றைத் தளர்த்தியும் கட்டினார். ஒலி தாழ்ந்தது, கனத்தது. ஒரு தொழிலாளியின் விபத்து ஓர் இசை வகையின் குரலை மாற்றிய கதை இது. எந்திரத்தில் விரல் இழந்தவர் நம் தெருவிலும் உண்டு.

இவ்வளவும் முன்னுரை. நாம் சொல்ல வந்தது ராப் ஹால்ஃபோர்டு என்னும் பாடகரைப் பற்றி.

அவர் 1951 ஆகஸ்டு 25-ஆம் நாள் பிறந்தவர். பர்மிங்காமை அடுத்த வால்சால் ஊரில் வளர்ந்தவர். தந்தையார் எஃகுத் தொழிலாளி. பள்ளிக்குச் செல்லும் வழியில் வார்ப்புச் சாலைகளின் புகைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவர் பாடிய ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ என்னும் குழு இவ்விசையின் தூண்களுள் ஒன்று. 1980-இல் வெளிவந்த அவர்களது புகழ் பெற்ற இசைத்தட்டின் பெயரே ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. பிரிட்டன் அரசின் எஃகு நிறுவனத்தின் பெயர் அது. குழுவின் கிதார் கலைஞருள் ஒருவரான கிளென் டிப்டன் அந்நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அத்தட்டில் உலோக மனிதர் அணிவகுத்து நடப்பது போன்ற ஓசை ஒரு பாட்டில் வரும். அதைக் கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டை உலுக்கி உண்டாக்கினார்களாம். அடுக்களையில் பாத்திரம் உருண்டால் நம் வீட்டில் திட்டுவார்கள். அவர்கள் அதைப் பதிவு செய்து விற்றார்கள்.

இவ்விசைக்கு உடையும் ஒன்று உண்டு. கறுப்புத் தோற்சட்டை, ஆணி பதித்த தோற்பட்டை, கையில் சங்கிலி. இதனை மேடைக்குக் கொணர்ந்து நிலைநாட்டியவர்கள் ஹால்ஃபோர்டும் அவர் குழுவினருமே. ஏறத்தாழ 1978-இல் தொடங்கியது. அவர் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே மேடைக்கு வருவார். உலகெங்கும் பல்லாயிரம் இளைஞர் அவ்வுடையை ஆண்மையின் கொடி என்று கருதி அணிந்தனர்.

தோல் என்றால் நமக்குத் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் அச்சதுப்பு நிலத்தில் குடியேறித் தொழில் நடத்தினர். பதனிடும் சாலைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. ஆயினும் தோற்பையும் இடைவாரும் சட்டையும் தைக்கும் பட்டறைகளைச் சயான் சாலையில் நடப்பவர் இன்றும் காணலாம். இரும்புக்குக் குர்லா, தோலுக்குத் தாராவி. இவ்விசைக்கு வேண்டிய இரு பொருளும் மித்தி ஆற்றின் கரைகளிலேயே இருந்தன. பாட்டு மட்டும் வேறு ஆற்றங்கரையில் பிறந்துவிட்டது.

நிற்க. ஆண்மையின் உருவமாகக் கருதப்பட்ட அப்பாடகர், பெண்களை நாடாதவர். ஆண்களிடத்தே அன்பும் ஈர்ப்பும் கொண்டவர். இளமையிலேயே தம் இயல்பை அவர் உணர்ந்திருந்தார். உடன் பாடிய தோழர்களும் அறிந்திருந்தனர். வெளியே சொல்லத்தான் அஞ்சினார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆண்கள் இருவர் தனிமையில் கூடுவதையும் குற்றமாகக் கொண்ட சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 ஜூலையில்தான் தளர்ந்தது. அதுவும் இருபத்தொரு வயது நிரம்பியவர்க்கு மட்டுமே. அப்போது அவருக்குப் பதினாறு நிறையவில்லை. சட்டத்தைவிட அவரை மிகுதியும் அச்சுறுத்தியது அவருடைய அன்பர் கூட்டமே. உண்மை தெரிந்தால் குழு அழியும், தோழர்களின் பிழைப்பில் மண் விழும் என்று எண்ணினார். மேடையில் முழங்கிவிட்டுத் தனியறையில் குடித்தார். குடியும் மருந்தும் அவரை வீழ்த்தும் நிலைக்குக் கொண்டுவந்தன. 1986-இல் அவற்றை விட்டொழித்தார். இருபதாண்டு காலம் பல்லாயிரவர் முன்னே பாடிய ஒருவர் தம்மைப் பற்றி ஒரு சொல் பேச இயலாதிருந்தார்.

1992-இல் அவர் குழுவை விட்டு விலகித் தனியே பாடலானார். 1998 பிப்ரவரியில் எம்.டி.வி. தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், திட்டமிடாமலே, தம் இயல்பைக் குறிக்கும் சொல்லைச் சொல்லிவிட்டார். அறையில் யாரோ கையிலிருந்த எழுதுபலகையைக் கீழே நழுவவிட்ட ஓசை கேட்டதாகப் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது 46.

பிறகு நிகழ்ந்ததே நம் கவனத்துக்கு உரியது. அன்பர் கூட்டம் கலையவில்லை. இசைத்தட்டுகளை உடைத்து எரிக்கவில்லை. 2003-இல் பழைய குழு அவரை மீண்டும் அழைத்தது. 2005-இல் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. 2010-இல் கிராமி பரிசு கிடைத்தது. 2022 நவம்பரில், லாஸ் ஏஞ்சலிசில் நடந்த ராக் இசைப் பெருமன்றத்து விழாவில் அக்குழுவுக்குச் சிறப்பளித்தபோது, தம்மைக் குழுவின் தன்பால் ஈர்ப்புடையவர் என்றே சிரித்துக்கொண்டு அறிமுகப்படுத்தினார், மண்டபம் ஆரவாரித்தது. 2024 மார்ச்சில் வெளிவந்த அவர்களது தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. பாடியவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

உலகிலேயே முரட்டுக் கூட்டம் என்று பெயரெடுத்த அன்பர்கள் இவரை எப்படி ஏற்றுக்கொண்டனர்? பண்பால் என்று சிலர் கூறுவர். நமக்கு அவ்விடை போதவில்லை. அவர்கள் அக்குரலைக் கால் நூற்றாண்டு கேட்டுப் பழகியிருந்தனர். பள்ளியில் அடி வாங்கிய நாளிலும், வேலை போன நாளிலும், காதல் முறிந்த நாளிலும் அக்குரலே துணை நின்றது. உண்மை வெளிப்பட்டபோது அவர்கள் முன்னே இருந்தது ஒரு ‘பிரச்சினை’ அன்று. நெடுநாள் அறிந்த ஒரு மனிதர். அவரை வெறுப்பதானால் தம் இளமையின் பாதியை வெறுக்க வேண்டும். மேலும், ஊராரால் ஒதுக்கப்பட்டவன் என்ற உணர்வே பலரை இவ்விசைக்குக் கொண்டுவந்தது. ஒதுக்கப்பட்டோர் கூட்டத்தில் இன்னொருவரை எங்கே கொண்டுபோய் ஒதுக்குவது?

ஆயினும் இக்கூட்டத்தைச் சான்றோர் அவை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. நார்வே நாட்டில் இவ்விசையின் கடுங்கிளை ஒன்று வளர்ந்தது. 1992-இல் லில்லஹாமர் நகரில் அக்கிளையைச் சேர்ந்த முரசுக் கலைஞர் ஒருவர், தன்பால் ஈர்ப்புடைய ஒருவரைக் குத்திக் கொன்றார். பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்நாட்டிலேயே, அதே கிளையின் பெயர் பெற்ற பாடகரான கால், 2008-இல் தம் இயல்பைக் கூறினார். ‘கோர்கொரோத்’ என்னும் குழுவில் பாடிய அவரைப் பார்த்தால் குழந்தைகள் அழும், அத்தகைய ஒப்பனை. அமெரிக்காவில் ‘கிங்ஸ் எக்ஸ்’ குழுவின் டக் பின்னிக் 1998-இல் கூறியபோது, கிறித்தவ நூற்கடைகள் சில அவர்களது தட்டுகளை விற்பதை நிறுத்தின. ‘சினிக்’ என்னும் குழுவின் பால் மாஸ்விடல், ஷான் ரைனர்ட் இருவரும் 1993-இலேயே பெரும்புகழ் தட்டு ஒன்றைத் தந்தவர்கள். 2014-இல்தான் வாய் திறந்தனர். ரைனர்ட் 2020-இல் மறைந்தார். ஹால்ஃபோர்டு கதவைத் திறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தும் அடுத்தவர் தயங்கியே நுழைந்தனர் என்பதை மறத்தலாகாது.

இனி நமக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவர். பஞ்ச்கனி என்னும் மலையூர் நம் மாநிலத்தது. இங்கிருந்து புனே வழியாகச் செல்வர். அங்குள்ள புனித பீட்டர் பள்ளியில், சான்சிபார் தீவிலிருந்து வந்த பார்சி வீட்டுப் பிள்ளை ஒருவன் தங்கிப் படித்தான். பெயர் ஃபரூக் புல்சாரா. பள்ளித் தோழர்களோடு ‘ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு குழு அமைத்துப் பியானோ வாசித்தான். விடுமுறையில் பம்பாயில் உறவினர் வீட்டில் தங்குவான். 1964-இல் சான்சிபாரில் புரட்சி நிகழ, குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. அப்பிள்ளைதான் பின்னாளில் ‘குவீன்’ குழுவின் ஃபிரெடி மெர்க்குரி. குவீன் குழுவின் இசை முழுதும் கன உலோகம் அன்று. ஆனால் அவ்வகையினர் பலருக்கு அது ஊற்று.

ஃபிரெடி ஆண்களோடும் பெண்களோடும் அன்புறவு கொண்டிருந்தவர். தம் இயல்பைப் பொது மேடையில் அவர் விளக்கிக் கூறியதே இல்லை. எய்ட்ஸ் நோய் தமக்கிருப்பதை 1991 நவம்பர் 23-ஆம் நாள் அறிவித்தார். மறுநாள் உயிர் நீத்தார். 45 வயது. இறுதிச் சடங்கைப் பார்சி குருமார் தம் மரபின்படியே நடத்திவைத்தனர். நாம் இச்செய்தியைப் படித்தபோது சற்று நின்றோம். வாழ்நாளில் அவர் தம் சமயத்தைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ மேடையில் பேசியவர் அல்லர், பெயரையும் மாற்றிக்கொண்டவர். அவர் வீட்டார் அவரைத் தம் பிள்ளையாகவே வழியனுப்பினர்.

1992 ஏப்ரல் 20-ஆம் நாள், லண்டன் வெம்பிளி மைதானத்தில் அவர் நினைவாகப் பெருங்கச்சேரி நடந்தது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். ‘மெட்டாலிக்கா’ குழுவினர் வந்தனர்; டோனி அயோமியும் வந்தார். ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழுவின் ஆக்சல் ரோசும் வந்தார். இவர் 1988-இல் வெளியிட்ட ஒரு பாட்டில் தன்பால் ஈர்ப்புடையோரை இழித்துப் பாடியவர். ஆகவே அவரை அழைத்ததற்கு எதிர்ப்பு எழுந்தது. அன்று மேடையில் அவர், தன்பால் ஈர்ப்புடையவர் என்று உலகறிந்த எல்டன் ஜானோடு சேர்ந்து ஃபிரெடியின் பாட்டைப் பாடினார். பாட்டினிடையே எல்டன் அவர் தோளை அணைத்துக்கொண்டார். அவர் உள்ளம் முற்றும் திருந்தியது என்று நாம் சான்றிதழ் வழங்கவில்லை. ஒரே மேடையில் நிற்க நேர்ந்தால் இழிசொல் தொண்டையில் சிக்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

மேனாட்டாரை விட்டு நம் பக்கம் வருவோம். கலையை அழைத்துக் கலைஞரை வெளியே நிறுத்தும் வித்தையில் நம்மை வெல்ல யாருளர்? பறை இல்லாமல் ஊரில் திருவிழா இல்லை, சாவு இல்லை. பறையின் ஒலி ஊருக்குள் வரலாம்; பறை அடித்தவர் வரலாகாது. அவர் உரித்த தோல் வேண்டும். அவர் கை படலாகாது. தாராவிக்கும் குர்லாவுக்கும் வந்த நம் முன்னோருள் பலர் அவ்வூர்களிலிருந்து அந்த அவமானத்துக்கு அஞ்சியே வண்டியேறினர். 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. எத்தனை தலைமுறை கழித்து!

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் கதையையும் வாசகர் அறிவர். திருநங்கையான அவர் இளமையில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் பயின்றார். பெரும் நட்டுவனார் மரபில் வந்த அவ்வாசிரியர் மாணவியின் பிறப்பைப் பாராமல் கலையைப் பார்த்தார். 2019-இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திருநங்கையர் நிலை வேறு, ஆணாகவே வாழ்ந்து ஆணை விரும்புவோர் நிலை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது. திருநங்கையரை நம் சமுதாயம் ஒருவாறு கண்ணால் பார்த்துப் பழகியிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேடி என்னும் பெயரை உயர்திணையில் வைத்தே இலக்கணம் வகுத்தது. மற்றவரோ கண்ணுக்குத் தெரியார். அவர் நம் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையாகவோ, அலுவலக நண்பராகவோ, நம் மகனாகவோ இருந்தும் தெரியார்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். ஆங்கில ஆட்சியினர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இவ்வுறவைக் குற்றமாக்கியது. 2009 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் இறுக்கியது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐவர் கொண்ட அமர்வு, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஐவருள் ஒருவரான நீதிபதி இந்து மல்கோத்ரா, இம்மக்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று எழுதினார். குடும்பத்தாரையும் சேர்த்துச் சொன்னது நம் உள்ளத்தைத் தொட்டது. அவ்வழக்கு எவர் பெயரால் வழங்குகிறது என்பதைத் தமிழர் அறிந்திருக்க வேண்டும். நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். பஞ்சாபியரான அவர் சென்னைக்கு வந்து ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் பயின்றவர். நம் கலையை மேனியில் தாங்கிய ஒருவரே இந்நாட்டு மக்களுக்காக அவ்வழக்கில் முதற்பெயராக நின்றார். 2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்டு வந்த வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வுரிமையை வழங்க மறுத்தது. சிங்கப்பூரில் வாழும் நம் உறவினர் கேட்டால், அங்கும் 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அக்குற்றப் பிரிவை நீக்கியது என்று கூறலாம்.

“இது மேனாட்டிலிருந்து வந்த கேடு” என்று மொழிவோர் உளர். மேனாட்டிலிருந்து வந்தது தண்டனைச் சட்டம். அன்பு எந்தக் கப்பலிலும் வரவில்லை. இவ்வியல்புடையோர் எல்லா நாட்டிலும் எல்லாக் குலத்திலும் பிறக்கின்றனர். இது நோயன்று என்று உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாண்டிலேயே இம்மும்பையில் அசோக் ராவ் கவி என்பவர் ‘பாம்பே தோஸ்த்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1994-இல் ‘ஹம்சஃபர்’ அறக்கட்டளை எழுந்தது. நம் ஊரிலேயே முப்பதாண்டுக்கு மேலாக நடந்துவரும் பணி இது. நாம்தான் அப்பக்கம் திரும்பவில்லை.

நமக்கு மிகவும் கவலை தருவது ஒன்று உண்டு. மகனுக்கு இருபத்தெட்டு வயதாகிறது; திருமணப் பேச்சை எடுத்தால் தலை குனிகிறான். காரணம் கேட்பதில்லை. சில வேளை காரணம் தெரிந்தும் கேட்பதில்லை. “கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் கூடிப் பேசி, ஊருக்கு வண்டியேறி, நெல்லையிலோ நாகர்கோவிலிலோ ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிடுகின்றனர். அப்பெண் மொழி தெரியாத இந்நகருக்கு வருகிறாள். ஓர் அறை வீட்டில், மாமியார் கண்முன்னே, தன்னைத் தொடாத கணவனோடு வாழ்கிறாள். ஓராண்டில் அவளை மலடி என்பர். அவளுக்குத் தன் குறை என்னவென்று விளங்காது, விளக்குவாரும் இலர். அவனோ ஹால்ஃபோர்டு தனியறையில் குடித்தது போலக் குடிப்பான். அல்லது இரவுப் பணி கேட்டு வாங்கி வீட்டுக்கு வராமலிருப்பான். இரு வீட்டாரின் மானம் காக்க இருவரின் வாழ்வைப் பலியிடுவதை நாம் குடும்பப் பண்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். அப்பெண்ணுக்கு இழைப்பது வஞ்சனை. அதில் ஐயமே இல்லை.

சிலர் மகனை மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் இழுத்துச் செல்கின்றனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7-ஆம் நாள் வழங்கிய ஆணையில், இவ்வியல்பை ‘மாற்றுவதாக’ச் செய்யும் மருத்துவத்தைத் தடை செய்யச் சொன்னார். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காவல்துறையில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கில் அந்நீதிபதி செய்தது வியப்புக்குரியது. இப்பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் அறிஞர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து பாடம் கேட்டார். அதன் பின்னரே தீர்ப்பெழுதினார். பெற்றோரையும் அவர் பகைவராக நடத்தவில்லை. அவர்களுக்கும் ஆலோசனை பெற வழி செய்தார். உயர்ந்த இருக்கையில் இருப்பவர் ‘தெரியாது’ என்று சொல்லிக் கற்கலாமெனின், நம் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் தந்தையருக்கு அதனால் என்ன குறை வந்துவிடும்?

எந்தச் சொல்லால் பேசுவது என்பதும் ஓர் இடர். நம் பேச்சு வழக்கில் இவர்களைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் வசவுகளே. திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் அச்சொல்லைச் சொன்னால் கொட்டகை சிரிக்கும். சிரிப்போருள் ஒருவன் சிரிக்காமல் இருட்டில் அமர்ந்திருப்பான். மகனே வாய் திறந்து சொல்ல முற்பட்டாலும், தாயிடம் சொல்லத்தக்க தமிழ்ச்சொல் அவனிடம் இல்லை. ஆங்கிலத்தில் சொன்னால் தாய்க்குப் புரியாது. இவ்விடரையும் அந்நீதிமன்றம் கண்டுகொண்டது. மரியாதையுள்ள சொற்களைத் தொகுக்குமாறு பணிக்க, தமிழ்நாட்டரசு 2022 ஆகஸ்டில் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ முதலான சொற்கள் அதில் உள்ளன. சென்னையின் ‘ஓரினம்’ குழுவினரும் பெற்றோர்க்கென்றே தமிழில் எழுதி வருகின்றனர்.

அப்பட்டியலின் படி ஒன்றையும், ஓரினம் குழுவினரின் கட்டுரைகள் சிலவற்றையும் அச்செடுத்துச் சங்க நூலகத்தில் வைக்கச் செயலரிடம் கூறியுள்ளோம். வாயிலுக்கு இடப்பக்கத்து அலமாரியில், மருத்துவ நூல்களோடு வைக்காமல், இசை நூல்களின் வரிசையில் வைக்கச் சொன்னோம். வேண்டுவோர் பெயரெழுதாமல் எடுத்துச் செல்லலாம். நூலகம் ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்குத் திறக்கும்.